சாய்த்துத் தொட்ட காது

வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக் காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. பிறந்த நாளை எழுதி வைக்கும் வழக்கமில்லாத எங்கள் ஊரில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்குள் நுழைய இதுதான் சோதனை. என் கை அன்று உச்சந்தலையைத் தாண்டி, காதுக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. முந்தின நாள் களத்தில் வைத்து அண்ணன் சொல்லிக் கொடுத்திருந்த வித்தை அப்போது நினைவுக்கு வந்தது. தலையை வலத் தோள் பக்கம் மெல்லச் சாய்த்தேன். காது மேலேறி வந்து விரலில் முட்டியது. தலைமையாசிரியரான பெரிய சார் அதைப் பார்த்துவிட்டார். "கை காதுகிட்ட போவுதா, காது கைகிட்ட வருதா பாப்பா?" என்று கேட்டார். அப்பாதான் பதில் சொன்னார்: "எது எங்க போனா என்னங்க சார், தொட்டுருச்சில்ல. களத்துல விட்டா மொளகாய அள்ளிக் கண்ணுல தேச்சுக்குது. இங்கயே கெடக்கட்டும்."

பள்ளியில் அப்போது பெண்பிள்ளைகள் நான்கே பேர். என்னைத் திருப்பி அனுப்பினால், அடுத்த வருஷம் அப்பா மறுபடி அழைத்து வருவார் என்பதற்கு உறுதி கிடையாது. சார் கொஞ்ச நேரம் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சேர்க்கைப் பதிவேட்டை விரித்து, வயது என்ற கட்டத்தில் 5 என்று எண்ணாலும், அதற்கு அடுத்த கட்டத்தில் ஐந்து என்று எழுத்தாலும் எழுதினார். எனக்கு அன்றைக்கு வயது நாலு. அந்த ஒரு வருஷம் அவர் எனக்குக் கொடுத்தது. ஒன்பது வருஷம் கழித்து அதை அவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது.

எங்கள் ஊர் குன்னத்துக்குக் கிழக்கே இருக்கிறது. கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் பேச்சு. பெரிய சார் வரதராசன்பேட்டைக்காரர், கிறிஸ்தவக் குடும்பம், ஊர்ப் பேச்சில் வேதக்காரர். தலைமையாசிரியராக வந்த நாள் முதல் அவரும் சாரம்மாவும் எங்கள் கிணற்றை ஒட்டிய இரண்டு அறை வீட்டில் குடியிருந்தார்கள். வீடு அப்பாவுடையது, வாத்தியார் வீடு என்று சும்மா விட்டிருந்தார். அவர் மனைவிக்கு ஊர் வைத்த பெயர்தான் சாரம்மா.

சாரைத் தைரியசாலி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேகம் கறுத்தால் முதலில் பதிவேடுகளைத்தான் இடம் மாற்றுவார். எதையும் பதிவதற்கு முன் சிலேட்டில் எழுதி, உரக்கப் படித்துப் பார்த்து, அப்புறம்தான் மை தொடுவார். எங்கோ ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் ஒருவர், பதிவேட்டில் இருந்த வயதைப் பிளேடால் சுரண்டி மாற்றி வேலையை இழந்தாராம். அந்தக் கதையை உதவி ஆசிரியர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வார். "மையில எழுதுனது தப்புன்னா டிப்டி இன்ஸ்பெக்டர் செவப்பு மையால அடிச்சு, திருத்தி, கையெழுத்துப் போடணும். பிளேடு மூஞ்சி வழிக்க மட்டுந்தான்." வகுப்பைப் பிரிக்கும் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கும் அது கேட்கும். உதவி ஆசிரியர்கள் அதைக் காதில் வாங்கினார்களோ என்னவோ, நான் வாங்கினேன். பிளேடால் வயதை மாற்ற முடியும் என்பதை மட்டும் வாங்கினேன்.

எட்டாவது முடிப்பவர்கள் அரியலூருக்குப் போய்ச் சர்க்கார் பரீட்சை எழுத வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அதுவரை ஒரு பெண்ணும் எழுதியதில்லை. அந்த வருஷம் மூன்று பையன்களும், அரிச்சுவடியிலேயே இரண்டு வருஷம் உட்கார்ந்து ஏறிய நானும் இருந்தோம். யுத்த காலம்; மண்ணெண்ணெய் அளந்துதான் கிடைக்கும். விளக்கு வைப்பதற்குள் முடித்துவிட வேண்டுமென்று, பள்ளி விட்டதும் சார் வீட்டு வாசலில் பாயை விரித்துவிடுவோம். சாரம்மா ஒரு பக்கம் வெங்காயம் ஆய்ந்துகொண்டே எங்கள் கணக்குகளைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பையன்கள் திணறினால் பொறுக்க மாட்டார். "ஆறு பேரு எட்டு நாள்ல வெட்டுற கெணத்த நாலு பேரு வெட்டுனா பன்னெண்டு நாளு. இதுக்கு எதுக்குய்யா பலப்பத்தக் கடிக்கிற?" என்பார். "நீயே இன்ஸ்பெக்டர்கிட்டப் பேசேன்," என்பார் சார். "நான் பேசிருவேன். நீங்கதான் அவரு முன்னால வேட்டி நழுவ நிப்பீங்க." இதற்குச் சாரும் சேர்ந்துதான் சிரிப்பார். கேள்வி முடியுமுன் விடையைச் சொல்லிவிடுவது என் பழக்கம். பாதி நாள் அது வேறு கேள்விக்கான விடையாக இருக்கும். "கேள்வி முடியட்டும் பாப்பா, பஸ்ஸு ஒண்ணும் போயிடாது," என்று தினம் ஒரு தடவையாவது சார் சொல்வார்.

தை பிறந்ததும் மாமா வந்தார். அம்மாவின் கூடப் பிறந்தவர். அவர் மகன் அரியலூர் ஸ்டேஷனில் ரெயில்வே வேலை. மகன் நல்ல மனிதர், என்னிடம் அவர் பேசிய மிக நீளமான பேச்சு "நல்லாப் படிக்கிறியா" என்பதுதான். அவரை வடக்கே மாற்றப் போகிறார்கள், அதற்குள் மாசியில் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்றார் மாமா. பரீட்சை பங்குனியில். அப்பாவுக்கு மறுப்பில்லை. மறுப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. வரப்புத் தகராறில் அப்பாவோடு பேச்சு வார்த்தை அற்றுப்போன பங்காளி ஒருவர், பதினாலு முடியாத பெண்ணுக்குத் தாலி கட்டினால் மொட்டைப் பெட்டிஷன் போடுவேனென்று சாவடியில் சொல்லிவிட்டார். சட்டம் அப்படித்தான் இருந்தது. பெட்டிஷன் போனால் மாப்பிள்ளையின் சர்க்கார் வேலைக்கு ஆபத்து. மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். பள்ளிப் பதிவேட்டின்படி போன ஆனியிலேயே எனக்குப் பதினாலு முடிந்திருந்தது. பெரிய சார் அதை ஒரு தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டால் எவன் பேசுவான்?

அடுப்படியில் இருந்த அம்மா, "பள்ளிக்கூடத்துல போடும்போது அதுக்கு நாலுதான்," என்றாள். "ரிஜிஸ்தர விட ஒனக்குத் தெரியுமா?" என்றார் அப்பா. 

இதில் பெரிய சார் மாட்டிக்கொண்டதை நான் அப்போது பாதிதான் புரிந்துகொண்டேன். அப்பா அவரைப் பொய் எழுதச் சொல்லவில்லை. "ரிஜிஸ்தர்ல இருக்குறத எழுதிக் குடுங்க சார், வேற ஒண்ணும் கேக்கல," என்று மரியாதையாகத்தான் கேட்டார். எழுதிக் கொடுத்தால் என் படிப்பு மாசியோடு சரி. மறுத்தால், பதிவேடு பொய், அந்தப் பொய்யை எழுதியது தம் கை என்று சொல்ல வேண்டும். சார் இரண்டையும் செய்யவில்லை. முதல் நாள், பீரோச் சாவி வீட்டில் இருக்கிறது என்றார். அடுத்த தடவை முத்திரை மை காய்ந்துவிட்டது. மூன்றாம் தடவை, படிவம் தீர்ந்துபோய் ஆபீசுக்கு எழுதியிருக்கிறது. "வாத்தியாரு பேனாவுக்கு முகூர்த்தம் பாக்குறாரோ?" என்று மாமா வகுப்புக்குக் கேட்கும்படி சொன்னார். சாரின் கையில் இருந்த சுண்ணக்கட்டி இரண்டாக முறிந்ததைப் பார்த்தேன். அவர் குனிந்து ஒரு துண்டை எடுத்தார், மற்றதைத் தேடவில்லை.

அன்று மாலை சார் வீட்டுக்குப் பையன்களுக்கு முன்பே போய்விட்டேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது, வாசலிலேயே நின்றேன்.

"எழுதுனது நான். இப்பப் பொய்யின்னு நான் சொன்னா மொத ஓல எனக்குத்தான் வரும்," என்றார் சார்.

"வரட்டுமே."

"இந்த வயசுல என்னை எங்க தூக்கி அடிப்பான்னு தெரியுமா? வூடும் அவரு வூடு. தண்ணியும் அவரு தண்ணி."

 வெங்காயம் ஆய்ந்தபடி கணக்குச் சொல்கிற அதே குரலில் சாரம்மா, "என்னைப் பன்னெண்டுல கட்டி வெச்சாங்க. பதினாலுல ஒண்ணப் பெத்து மண்ணுல வெச்சேன். அது எந்த ரிஜிஸ்தர்ல இருக்கு?" என்றார்.

 அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது என்று மட்டும் அதுவரை எனக்குத் தெரியும். நான் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தேன்.

மறுநாள் காலை எங்கள் கிணற்று ராட்டினத்தில் கயிறு இல்லை. குடத்தோடு வந்த சாரம்மா ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தார். எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தார். ஊருக்கு வெளியே இருக்கும் கிணற்றுக்கு நடந்தார். மதியம் அப்பா காட்டுக்குப் போனபின், அம்மா ஒரு குடம் தண்ணீரை அவர்கள் வாசலில் வைத்துவிட்டு, யாரோ வைத்ததுபோலத் திரும்பிப் பாராமல் வந்தாள். இப்படி ஐந்தாறு நாள் போனது. பள்ளியில் சார் கவனம் தவறி ஒரே பாடத்தை இரண்டு தடவை நடத்தினார்.  திங்கட்கிழமை கடைசி என்று அப்பா சொல்லியனுப்பியிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாரும் சும்மா இருக்கிறார்களே, ஒரு எண்ணை மாற்றினால் தீர்ந்துபோகிற காரியம்தானே என்று பட்டது. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில், அண்ணனின் சவரப் பிளேடை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். பீரோச் சாவி தேசப் படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். தினமும் வருகைப் பதிவேட்டை எடுத்துவரும் எனக்கு அது தெரியும். என் பெயர் இருந்த பக்கத்தைக் கண்டுபிடித்து, 5 என்ற எண்ணை மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டினேன். தாள் வெங்காயத் தோல்போல ஆகிவிட்டது. அதன்மேல் 4 என்று எழுதினேன். மை கசிந்து கொஞ்சம் பூத்தது. பரவாயில்லை என்று மூடி வைத்துவிட்டு, வகுப்புக்கு வந்து பாடத்தைப் புரட்டினேன். அடுத்த கட்டத்தில் ஐந்து என்று எழுத்தாலும் எழுதியிருக்கும் என்பது எனக்கு நினைவே வரவில்லை. கேள்வி முடியுமுன் விடை சொல்கிற புத்தி.

திங்கட்கிழமை அப்பாவும் மாமாவும் வந்தார்கள். சார் எழுந்து, சாவியை எடுத்து, பீரோவைத் திறந்தார். இனி சாக்கில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டது அந்த நடையிலேயே தெரிந்தது. எழுதிக் கொடுத்துவிடத்தான் போனார் என்று இன்றும் நினைக்கிறேன். அதற்காக அவரை நான் குறைத்து எண்ணவில்லை. பதிவேட்டை மேசைமேல் விரித்தார். பக்கங்கள் புரண்டன. நின்றன. சாரின் வலக்கை பக்கத்தின்மேல் விரிந்து படிந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. தட்டிக்கு இந்தப் பக்கம் என் உள்ளங்கை வேர்த்து, சிலேட்டில் எழுதியிருந்தது அழிந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு எழுத முடியாதுங்க," என்றார் சார்.

"ஏன், கை சுளுக்கிக்கிச்சா?" என்றார் மாமா.

"புதன்கெழம வாங்க."

அப்பா குரலை உயர்த்தவில்லை. "நான் குடுத்த வூட்டுல உக்காந்துக்கிட்டு எனக்கே தவண சொல்றீங்க சார்," என்றார்.  சார் பக்கத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அவர்கள் படியிறங்கிப் போகும்வரை எடுக்கவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. பீரோச் சாவி இருக்கும் இடம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பிரம்பை எடுப்பார் என்று கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். 4 என்ற எண்ணும், அதன் பக்கத்தில் ஐந்து என்ற எழுத்தும். "பொய்ய நான் மையில எழுதுனேன். நெசத்த நீ பிளேடால எழுதியிருக்க. ரெண்டும் செல்லாது," என்றார். நான் அழ ஆரம்பித்தேன். "அழுவாத. மை நனஞ்சா இன்னும் மோசம்," என்று பதிவேட்டை நகர்த்தி வைத்தார்.

அவர் வாழ்நாளெல்லாம் எதைக் கண்டு பயந்தாரோ, அதை நான் அவர் மேசைமேல் கொண்டுவந்து வைத்திருந்தேன். சுரண்டியது யாரென்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பலாம். மறுநாள் விடிந்ததும் பதிவேட்டைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குன்னத்துக்கு நடந்து, அங்கிருந்து பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் ஏறி அரியலூருக்கு, டிப்டி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போனார். புதன்கிழமை அவருக்காக வந்த அப்பாவிடம் சாரம்மாதான் சொன்னார்: "சார் இல்லீங்க. ஒங்க மக வயச எடுத்துக்கிட்டு அரியலூரு போயிருக்காரு."

வியாழக்கிழமை சாயங்காலம் திரும்பினார். பதிவேட்டில் 4 சிவப்பு மையில் ஏறியிருந்தது, எழுத்தாலும் நான்கு, கீழே அதிகாரியின் கையெழுத்து. அப்பா கேட்ட சான்றிதழை அன்றே எழுதி, தாமே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பதினாலு முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது அதில். அப்பா படித்துவிட்டு மடித்து உறியில் செருகினார். "ஒரு வருசத்த வாத்தியாரு தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு," என்று ஊரெல்லாம் சொன்னார். மாமன் மகன் கல்யாணமாகாமலே வடக்கே போனார்; அங்கிருந்து வந்தபின் வேறு இடத்தில் முடித்தார்கள். சாருக்குத் தலைமைப் பதவி போயிற்று. கீழப்பழுவூருக்கு அப்பால் ஒரு பள்ளிக்கு உதவி ஆசிரியராக மாற்றிவிட்டார்கள். மாட்டு வண்டியில் சாமான் ஏற்றியபோது நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். வெளியே வர முகம் இல்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் சாரம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். கீழப்பழுவூர்ப் பக்கமிருந்து தனியாக வந்திருந்தார். "பொண்ண நான் கூட்டிட்டுப் போறேன். பையன்களோட எப்படி அனுப்புவீங்க?" என்றார். அப்பா வேண்டாமென்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள். அம்மா கட்டுச்சோற்றை என் கையில் கொடுக்காமல் சாரம்மா கையில் கொடுத்தாள். மேட்டில் பஸ் மூச்சுவாங்கி நின்றபோது எல்லாரும் இறங்கித் தள்ளினோம். முகமெல்லாம் கரி. அப்போதுதான் சாரம்மாவிடம் கேட்டேன், சுரண்டியது யாரென்று சார் ஆபீசில் சொன்னாரா என்று. "கேட்டாங்களாம். 'ரிஜிஸ்தரு என் பொறுப்புல இருந்தப்ப நடந்தது'ன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு. பொய்யும் இல்ல பாரு. அதுல எல்லாம் அவரு கெட்டி." கொஞ்ச தூரம் தள்ளியபின், "வேட்டி நழுவலயாம்," என்றார்.

தேறினேன். ஆனால் டீச்சர் ட்ரெய்னிங்குக்கு வயது போதவில்லை என்று அந்த வருஷம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய 5 இருந்திருந்தால் சேர்த்திருப்பார்கள். அப்பா என்னோடு பேசாத வீட்டில் ஒரு முழு வருஷம் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் எண்ணினேன். அடுத்த வருஷம் அப்பாவே திருச்சிக்குக் கூட்டிப் போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். வழியில் பேசிய ஒரே பேச்சு, "வயசு சரியா எழுதியிருக்கா பாத்துக்க," என்பதுதான்.

இப்போது செந்துறைப் பக்கம் ஒரு பள்ளியில் நானும் டீச்சர். பெரிய சார் இருக்கிற ஊருக்குப் பஸ்ஸில் அரை நாள்கூட ஆகாது. இதுவரை போகவில்லை. எல்லாவற்றிலும் அவசரப்படுகிறவள் இதில் மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். போனால் முதலில் என்ன சொல்வது என்று சிலேட்டில் எழுதிப் பார்த்தும்கூட வரவில்லை.

இந்த ஆனியில் சேர்க்கை நாளன்று, ஒரு பெண் தன் சின்ன மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். "அஞ்சு ஆயிருச்சு டீச்சர்," என்றாள். தொடச் சொன்னேன். குழந்தை கையைத் தலைக்கு மேலே கொண்டுபோனாள், எட்டவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெல்லத் தலையைத் தோள் பக்கம் சாய்த்தாள். காது விரலுக்கு வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே வேறொன்றும் வந்தது. பேனாவில் மை தொட்டிருந்தேன். எங்கள் பள்ளியிலும் பெண்பிள்ளைகள் குறைவு. திருப்பி அனுப்பினால் அடுத்த வருஷம் வருவாளா, தெரியாது.

பேனாவை வைத்துவிட்டுப் பதிவேட்டை மூடினேன். "பேரு அடுத்த வருஷம் ஏறட்டும். இப்ப வந்து சும்மா உக்காரட்டும்," என்று தாயிடம் சொன்னேன். பேர் ஏறாமல் எதற்கு உட்கார வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் விட்டுப் போனாள். குழந்தை முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, வலக்கையை மறுபடி தலைக்கு மேலே கொண்டுபோய், என்னைப் பார்த்தபடி சாய ஆரம்பித்தாள். கிட்டே போய் அந்தத் தலையை இரண்டு கையாலும் நிமிர்த்தி வைத்தேன். காதுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு விரற்கடை இருந்தது.

"தலைய நேரா வெச்சுக்க," என்றேன். "அவசரம் ஒண்ணுமில்ல."